நடவு மாதத்து உலையும் காடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயலில் விளைச்சலைக் கூட்டினால் காட்டை அழிக்கும் தேவை குறையும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால் அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நாம் ஒற்றை நாற்று நடவு என்று சொல்லும் திருந்திய நெல் சாகுபடி மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஹென்றி தெ லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980களில் அந்த ஊர் உழவர்களோடு சேர்ந்து உருவாக்கிய முறை. 1990களில் ரானோமஃபானா தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் அதைப் பரப்பியதே காட்டுக்காகத்தான். அங்கே மலைச்சரிவில் மரங்களை வெட்டி எரித்து நெல் விதைப்பார்கள். கொஞ்ச வருடத்தில் மண் ஓய்ந்துவிடும், அடுத்த சரிவுக்குப் போவார்கள். பள்ளத்து வயலிலேயே கூடுதலாக விளைந்தால் சரிவில் ஏறமாட்டார்கள் என்பது கணக்கு.

விளைச்சல் கூடத்தான் செய்தது. ஆனாலும் பழகியவர்களில் பலர் பிறகு கைவிட்டுவிட்டார்கள். ஏன் என்று எனக்குப் புரிகிறது. 14 நாள் நாற்றை வேர்மண் உதிராமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, கயிறு பிடித்து, 22.5 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். நட்ட பத்து நாளில் கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை வரிசைகளுக்கு நடுவே உருட்ட ஆரம்பிக்க வேண்டும். என் வயலில் முதல் வருடம் நட வந்த பெண்கள், "என்னங்க, வயல் வெறிச்சுன்னு கிடக்குது" என்று வருத்தப்பட்டார்கள். அப்புறம் ஒரே நாற்றிலிருந்து நாற்பது தூர், அதாவது பக்கக் கிளை, வெடித்ததை உட்கார்ந்து எண்ணிக் காட்டியதும் அவர்கள்தான்.

சரி, எனக்குக் கூலி கொடுக்கக் கையில் பணம் இருந்தது. மடகாஸ்கரின் ஏழை உழவருக்கு நடவுக் காலம்தான் பஞ்ச காலம். குதிரில் நெல் தீர்ந்திருக்கும். அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும். தன் வயலில் கூடுதல் வேலை பார்க்க அவருக்கு நாள் ஏது?

காட்டோர உழவருக்கு விதையும் கருவியும் கொடுத்துப் பயிற்சி நடத்தினால் மட்டும் போதாது. நடவும் முதல் களையும் முடியும்வரை அந்த வீட்டுக்கு அரிசி கொடுக்க வேண்டும். அறுவடையானதும் நெல்லாகத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். உங்கள் நிருபர் அடுத்து நம் மலைக்கிராமங்களுக்குப் போனால், ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்பதற்கு முன்னால், நடவு மாதத்தில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.