ஐந்து நாள் சிசிஎன்ஏ பயிற்சி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரித் தேர்வு முடிவுகள் வரத் தொடங்கியதும் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் கணினி வலையமைப்புப் பயிற்சி மையங்களின் விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. 'ஐந்தே நாளில் சிசிஎன்ஏ', 'தேர்ச்சிக்கு நாங்கள் உத்தரவாதம்', 'முடித்ததும் வேலை' என்பவையே அவற்றில் பெரும்பாலானவற்றின் சாரம். வலையமைப்புத் துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றி, புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பிலும் இருப்பவன் என்ற முறையில், இந்தத் தீவிரப் பயிற்சிகளில் சேர நினைக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்காகப் பணம் கட்டும் பெற்றோர்களுக்கும் சில விவரங்களைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் பயிற்சி என்பது பாடங்களை ஏற்கெனவே ஒருமுறை படித்து முடித்தவர் தேர்வுக்குச் சற்று முன்பு சேர வேண்டியதே தவிர, வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டரையும், ஒரு வலையமைப்புக்குள் கணினிகளை இணைக்கும் ஸ்விட்சையும் இதுவரை தொட்டே பார்க்காதவர் சேர வேண்டியது அன்று.

சிசிஎன்ஏ, வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் 1998 முதல் வழங்கிவரும், வலையமைப்புத் திறனுக்கான சான்றிதழ். முன்பு இந்தத் தேர்வை இரண்டு தாள்களாகப் பிரித்து எழுத வழி இருந்தது; முதல் தாளில் தேறியவருக்குத் தனியாக ஒரு தொடக்கநிலைச் சான்றிதழும் கிடைத்தது. 2020 பிப்ரவரி 24 முதல் அந்த ஏற்பாடு நீங்கி, 200-301 என்ற எண்ணுடைய ஒரே தேர்வாக எல்லாம் சேர்ந்துவிட்டன. இன்றைய பாடத்திட்டத்தில் ரவுட்டிங் (தரவு செல்லும் வழியைத் தீர்மானிப்பது) சார்ந்த பகுதிக்கு 25 சதவீதமும், வலையமைப்பின் அடிப்படைகளுக்கும், ஸ்விட்ச், வி-லேன் (ஒரே ஸ்விட்சில் வலையமைப்பைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிப்பது), வயர்லெஸ் ஆகியவை அடங்கிய பகுதிக்கும் தலா 20 சதவீதமும், பாதுகாப்புக்கு 15 சதவீதமும், கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி, முகவரிகளை மாற்றிக்கொடுக்கும் நாட் போன்ற சேவைகளுக்கும், அமைப்பு வேலைகளை நிரல்கொண்டு தானாகச் செய்விக்கும் ஆட்டோமேஷனுக்கும் தலா 10 சதவீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன. தேர்வு நேரம் 120 நிமிடம். ஒரு கேள்விக்கு விடையளித்து அடுத்ததற்குப் போய்விட்டால், திரும்பி வந்து திருத்த முடியாது. கட்டணம் 300 அமெரிக்க டாலர்; வரியும் சேர்ந்தால் நம் பணத்தில் ஏறத்தாழ 30,000 ரூபாய். தவறினால் ஐந்து நாள் பொறுத்து மறுபடியும் எழுதலாம், ஆனால் கட்டணத்தை மறுபடியும் முழுமையாகக் கட்ட வேண்டும். இத்தேர்வை எழுத முன்தகுதி எதுவும் கட்டாயமில்லை என்பது உண்மைதான். பயிற்சி மையங்கள் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. இத்தேர்வு எழுத வருபவர்கள் பலரும் ஓராண்டோ அதற்கு மேலோ பணி அனுபவம் உள்ளவர்கள் என்று சிஸ்கோவே குறிப்பிடுவதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

ஐந்து நாள் என்ற கணக்கு பயிற்சி மையங்கள் தாமாக உண்டாக்கியது அன்று. சிஸ்கோவின் அதிகாரபூர்வ சிசிஎன்ஏ வகுப்பே ஐந்து நாள் நேரடிப் பாடமும், மூன்று நாள் அளவுக்கான சுயபடிப்பும் கொண்டதுதான். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் வகுப்பறையில் கிடைப்பது 40 மணி நேரம். அதே சிஸ்கோ, கல்லூரிகள் வழியாக நடத்தும் நெட்வொர்க்கிங் அகாடமியில் இதே தேர்வுக்கான பாடங்களை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 70 மணி நேரம், ஆக மொத்தம் 210 மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. ஒரே நிறுவனம் ஒரே தேர்வுக்கு இவ்வளவு வேறுபட்ட இரண்டு கால அளவுகளை வைத்திருப்பதற்குக் காரணம், இரண்டும் இரு வேறு வகையான மாணவர்களுக்கானவை என்பதே. அலுவலகத்தில் நான்கைந்து ஆண்டுகள் ஸ்விட்சுகளைப் பராமரித்துவிட்டு, பதவி உயர்வுக்காகச் சான்றிதழ் தேவைப்படுகிற பொறியாளருக்கு 40 மணி நேரம் போதும். இவ்வாண்டு பட்டம் பெற்று வெளியே வந்திருக்கும் மாணவருக்குத் தேவைப்படுவது 210 மணி நேரத்துக்கு நெருக்கமான ஒன்று.

இந்த வேறுபாடு எங்கே வெளிப்படுகிறது என்பதற்கு, ஒரு வலையமைப்பைச் சிறு பிரிவுகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். 256 முகவரிகள் கொண்ட 192.168.10.0 என்ற வலையமைப்பை /26 (முகவரியின் முதல் 26 பிட்டுகள் பிரிவைக் குறிக்கும்) என்று பிரித்தால் நான்கு பிரிவுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 64 முகவரிகள், அவற்றில் முதலும் கடைசியும் போக, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 62. இதை விளக்குவதற்குப் பத்து நிமிடம் போதும், கேட்பவருக்கு அந்த நேரத்தில் புரியவும் செய்யும். ஆனால், 192.168.10.130 என்ற முகவரி எந்தப் பிரிவில் அடங்கும், அந்தப் பிரிவின் கடைசி முகவரி எது என்று கேட்டால், தாளில் பைனரி எழுதிப் பார்க்காமல் 128-இல் தொடங்கி 191-இல் முடியும் பிரிவு என்று சில நொடிகளில் சொல்லும் வேகம், தினமும் இருபது கணக்காவது போட்டு இரண்டு மூன்று வாரம் பழகினால்தான் வரும். ஐந்து நாள் வகுப்பில் சப்நெட்டிங்குக்கு அரை நாளுக்கு மேல் ஒதுக்க முடியாது. அதில் கைப்பழக்கம் வராதவருக்கு மறுநாள் நடக்கும் ரவுட்டிங் பாடமும், அதற்கு அடுத்த நாள் நடக்கும் எந்தத் தரவை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று வகுக்கும் ஆக்சஸ் லிஸ்ட் பாடமும் வெறும் எண்களாகவே தெரியும். மூன்றாம் நாளிலிருந்து தலையாட்டிக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருக்கிறார்கள் என்று இத்துறையில் பாடம் நடத்தும் நண்பர்களே என்னிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதன்மையாகக் கருதுவது லேப் வேளையில் என்ன நடக்கிறது என்பதையே. கட்டணம், குளிர்சாதன அறை, சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே, வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறையை அமைத்தாயிற்று, ஆனால் அவை ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் அண்டை உறவு உருவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாணவர் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' என்று தட்டுகிறார். திரையில் ஒன்றும் வரவில்லை. நல்ல ஆசிரியர் அந்த இடத்தில் விடையைச் சொல்லமாட்டார். முதலில் பிங் (மறுமுனையை எட்ட முடிகிறதா என்ற சோதனை) போகிறதா என்று பார்க்கச் சொல்வார், போகிறது. அடுத்து இரண்டு பக்கமும் இன்டர்ஃபேஸ் (இணைப்பு முனை) விவரத்தை எடுத்து ஒப்பிடச் சொல்வார். ஒரு பக்கம், 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும் ஹலோ செய்திகளின் இடைவெளி 10 நொடி, மறுபக்கம் யாரோ அதை 30 என்று மாற்றி வைத்திருக்கிறார்கள், இரண்டும் பொருந்தாததால்தான் உறவு உருவாகவில்லை என்று மாணவரே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார். அந்தக் கால் மணி நேரத்தில் மாணவர் கற்றுக்கொள்வதை எந்தப் பவர்பாயின்ட் படமும் கற்றுக்கொடுக்காது. நேர்காணலில் நான் கேட்பதும் இதைப் போன்ற ஒன்றைத்தான். ஓஎஸ்பிஎஃப் என்பதன் விரிவாக்கம் எனக்கு வேண்டியதில்லை. உறவு உருவாகவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்பேன். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாமல் திகைத்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அவர்கள் செலவழித்த பணத்தை நினைத்து மனம் வலிக்கிறது.

ஆகவே, சேர்வதற்கு முன் ஒரு லேப் வகுப்பில் ஒரு மணி நேரமாவது உட்கார அனுமதி கேளுங்கள். பணம் கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லும் மையத்தை விட்டு வந்துவிடலாம். பாடம் நடத்துபவர் யார், அவர் வலையமைப்பை வேலையாகச் செய்தவரா, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், வகுப்பு முடிந்த பிறகும் லேப்பைப் பயன்படுத்த விடுவார்களா என்பவற்றையும் விசாரிக்க வேண்டும். உண்மையான ரவுட்டர், ஸ்விட்ச் அடுக்கு இருந்தால் நல்லது. கருவியை நேரடியாக மடிக்கணினியோடு இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகிப் பார்த்த அனுபவம் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே உதவும். இல்லாவிட்டாலும் பெரிய குறையில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற சிமுலேட்டர் நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்பவர்களுக்கு இலவசம். சிசிஎன்ஏ அளவுக்கான ஏறத்தாழ எல்லாப் பயிற்சிகளையும் வீட்டு மடிக்கணினியில் அதிலேயே செய்துவிடலாம்.

பாடத்திட்டம் பற்றிய ஒரு கேள்வியும் மையத்தின் தரத்தைச் சட்டென்று காட்டிவிடும். 2024 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருப்பது 1.1 பதிப்பு. அதில் ஆட்டோமேஷன் பகுதியிலிருந்து பப்பட், செஃப் ஆகிய மென்பொருள் கருவிகள் நீக்கப்பட்டு டெர்ராஃபார்ம் என்ற கருவி சேர்ந்தது. வலையமைப்பு இயக்கத்தில் செயற்கை நுண்ணறிவின் பங்கும் புதிதாக இடம்பெற்றது. மாற்றம் சிறியதுதான். ஆனாலும் மையம் கையில் கொடுக்கும் அச்சுப் பாடக்குறிப்பில் இன்னமும் பப்பட்டும் செஃப்பும் இருந்தால், அந்தக் குறிப்பை எவரும் அண்மையில் திறந்தே பார்க்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

அடுத்து, இந்தத் 'தேர்ச்சி உத்தரவாதம்'. தேர்ச்சிக்கான மதிப்பெண் எவ்வளவு என்பதை சிஸ்கோ வெளியிடுவதில்லை. தேர்வை நடத்துவதும் பியர்சன் வியூ என்ற வேறொரு நிறுவனம். அப்படியிருக்க ஒரு பயிற்சி மையம் தேர்ச்சிக்கு எப்படி உத்தரவாதம் தர முடியும்? விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தால், தவறியவர் அதே வகுப்பில் மறுபடி இலவசமாக உட்காரலாம் என்பதே பெரும்பாலும் அந்த உத்தரவாதத்தின் பொருளாக இருக்கும். மறுதேர்வுக் கட்டணம் மாணவர் தலையில்தான். அதைவிட மோசமான வழி ஒன்றும் உண்டு. என் அண்ணன் மகள் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மையத்தில் சேர்ந்தபோது, கடைசி நாளன்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கான கேள்வி விடைகள் கொண்ட ஒரு பிடிஎஃப் வந்தது. இதை மனப்பாடம் செய்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் ஒருங்கிணைப்பாளர். மாணவர்கள் 'டம்ப்ஸ்' என்று சொல்வது இதைத்தான். தேர்வு எழுதுபவர் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தின்படி இது முறைகேடு. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகலாம், மீண்டும் தேர்வெழுதத் தடையும் வரலாம். அந்தத் தண்டனை மாணவருக்குத்தான், மையத்துக்கு அன்று. இருபது வயதுப் பிள்ளையின் பெயரில் விழும் அந்தக் கறைக்கு யார் பொறுப்பேற்பது? அண்ணன் மகள் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. மேலும் மூன்று மாதம் வீட்டிலிருந்து பாக்கெட் டிரேசரில் பழகிய பிறகுதான் தேர்வுக்குப் பணம் கட்டினாள். அவள் அந்த மையத்துக்குக் கட்டிய கட்டணம் வீண்தான்.

உடனடியாக சிசிஎன்ஏ எழுதத்தான் வேண்டுமா என்பதும் யோசிக்கத் தக்கது. வேறு துறையில் பட்டம் பெற்று, ஐபி முகவரி என்ற சொல்லையே இப்போதுதான் கேட்பவர்களுக்கு சிஸ்கோவே 2023-இல் சிசிஎஸ்டி என்ற ஒரு படி கீழான சான்றிதழைக் கொண்டுவந்திருக்கிறது. காம்ப்டியா நிறுவனத்தின் நெட்வொர்க் பிளஸ் சான்றிதழ் எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடத் தேர்வு. நம் ஊர் வேலை அறிவிப்புகளில் அதிகம் தென்படும் பெயர் சிசிஎன்ஏ என்பதால் கடைசியில் அங்கே வந்து சேர்வதே பயன் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. தமிழ்நாட்டில் பல பொறியியல் கல்லூரிகளே நெட்வொர்க்கிங் அகாடமியாகவும் இயங்குகின்றன. தாம் படிக்கும் கல்லூரியில் அது இருப்பதையே அறியாமல் வெளியே போய்ப் பெரும் தொகை கட்டும் மாணவர்களை நான் சந்தித்திருக்கிறேன். கல்லூரியின் துறைத் தலைவரிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போகலாம்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 50 மாணவர்களுக்கு மேல் பயிற்சி தரும் மையங்களுக்கு அவை பொருந்தும். பாடத்தின் கால அளவு, ஆசிரியர்களின் தகுதி, கட்டணம், பணத்தைத் திருப்பித் தரும் விதி, தேர்ச்சி விகிதம், வேலை உறுதி ஆகியவை பற்றிப் பொய்யாகச் சொல்லக் கூடாது. நிபந்தனைகளை விளம்பர வாசகத்தின் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். தேர்ச்சி பெற்ற மாணவரின் பெயரையும் படத்தையும் அவர் எழுதித் தந்த சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்பவை அவற்றுள் சில. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கு ரசீதும், வாக்குறுதிகள் அடங்கிய துண்டறிக்கையும் கையில் இருக்க வேண்டும் என்பதால், பெற்றோர்கள் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. பயிற்சி மையங்களின் விளம்பரங்களை ஏற்கும்போது, 'உத்தரவாதம்' என்ற சொல் இருந்தால் அதன் நிபந்தனையையும் அதே அளவு எழுத்தில் அச்சிடும்படி விளம்பரப் பிரிவினர் வலியுறுத்த வேண்டும். மற்றொன்று, மாணவர் சேர்க்கைக் காலம் தொடங்கும் முன்பே கல்வி இணைப்பில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, சிசிஎன்ஏ உள்ளிட்ட தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்வுகளின் நடப்புப் பாடத்திட்டம், கட்டணம், இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி வழிகள் ஆகியவற்றைத் தமிழில் வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தைத் தயாரிப்பதில் என்னைப் போன்றவர்களின் உதவி தேவைப்பட்டால், மாலை நேரங்களில் தங்கள் அலுவலகத்துக்கு வந்து செய்துதரத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்,
தாம்பரம், சென்னை.