சாப்பாட்டுக்கூடத்து இமோவுக்கு நன்றி

தென் கொரியாவின் பூசான் நகரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்த முதல் வாரம், மதியம் என் தட்டில் வெறும் சோறும், கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறியும்தான். எதில் என்ன கறி என்று தெரியாது. கேட்க மொழியும் வராது. கரண்டியோடு நின்ற நீங்கள் அதைக் கவனித்திருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை அந்த மாத உணவுப் பட்டியலை என் கையில் கொடுத்தீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக ஒவ்வொரு உணவுக்குப் பக்கத்திலும் பொடி எண்கள் அச்சிட்டிருப்பார்கள். 10 பன்றி, 16 மாடு. அந்த இரண்டை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் பன்றியும் மாடும் வரைந்திருந்தீர்கள். மாட்டுக்குக் கொம்புகூட இருந்தது!

அதற்குப் பிறகுதான் பயமில்லாமல் தட்டை நீட்டினேன். சோயா விழுதில் கொதித்த துவென்ஜாங் சூப், நல்லெண்ணெய் மணக்கும் கீரை நாமுல், கட்டம் கட்டமாய் நறுக்கிய முள்ளங்கிக் கக்துகி. கக்துகியை இரண்டாம் முறை கேட்டு வந்தபோது உங்கள் முகம் மலர்ந்ததே, இன்னும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் பெயரைக் கடைசிவரை கேட்கவில்லை. எல்லோரையும் போல 'இமோ' என்றே கூப்பிட்டேன். அம்மாவுடன் பிறந்தவளை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இமோ. மிக்க நன்றி.