மணக்குடிக்கு ஒரே வகைக் கன்று போதாது

ஆசிரியருக்கு,

குமரி மாவட்டத்தின் மணக்குடிக் காயலில் அலையாத்தி (உவர்நீர்ச் சதுப்பில் வளரும் மரம்) கன்றுகள் நடுவது குறித்த தங்கள் செய்தி, உப்பைத் தாங்கும் செடிகள் யாவும் ஓரினம் என்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் அத்திறன் பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றியது: அலையாத்தி மரமான வெண்கண்டல், ஆடாதொடையின் குடும்பம்; உவர்நிலச் செடியான உமரியோ, நாம் சமைக்கும் தண்டுக்கீரையின் குடும்பம்; மற்றோர் அலையாத்தி மரமான சுரபுன்னை முற்றிலும் வேறு குடும்பம். ஆகவே உப்பைச் சமாளிக்கும் வழியும் வேறு. சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுக்க, வெண்கண்டல் உறிஞ்சியதை இலைவழி வெளியேற்ற, உமரி சதைப்பற்றான இலைகளில் தேக்கிக்கொள்கிறது.

எங்கள் மாவட்டத்துப் புத்தளம் உப்பள வரப்புகளில் யாரும் நடாமலேயே உமரி செழித்திருப்பதைக் கண்டிருக்கிறேன். எனவே வனத்துறை, மண்ணின் உப்பளவுக்கேற்பப் பல இனங்களைக் கலந்து நடுவதோடு, நடவுக்காக உமரியை அகற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

வாசகர், நாகர்கோவில்