ரூத் பிரவுனின் குரலைத் தேய்த்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கு லோரோங் கூலிட் சந்தை போன்ற இடங்களில் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்கு இசைத்தட்டுகளை வாங்கி, கணினியில் பதிவெடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் பழக்கம் நம்மவர்களிடமும் உண்டு. நல்ல காரியம். ஆனால் அமெரிக்கப் பாடகி ரூத் பிரவுனின் தட்டுகளை இப்படிப் பதிவெடுத்து அனுப்பும்போது பல சமயம் பாட்டு வருகிறது, அவர் குரல் வருவதில்லை.

மேல் சுரத்துக்கு ஏறும்போது, சொல்லின் கடைசியில் அவர் குரல் சட்டென உடைந்து ஒரு சிறு கீச்சொலியாக எழும்பும். அதுதான் அவர் முத்திரை. 1950இல் வந்து, ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் இசைவகையின் விற்பனைப் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்த 'டியர்ட்ராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' பாட்டில் அதைக் கேட்கலாம். தட்டின் 'உஸ்' இரைச்சலும் அந்தக் கீச்சொலியின் கூர்மையும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் இருப்பதால், மென்பொருளில் இரைச்சல் நீக்கியை முழுதாகத் திருப்பினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். 1953இன் 'மாமா, ஹி ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்' தொடக்கத்தில் குலுங்கும் டாம்பரின் (சலங்கைத் தகடு வைத்த கைப்பறை) காகிதம் கசங்குவதுபோல் கேட்டால், அளவு மீறிவிட்டது என்று அறிக. கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

இரைச்சலைக் குறைக்க வேண்டிய இடம் ஊசி. எல்.பி. எனும் பிற்கால வினைல் தட்டுக்கான ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரான் அளவில் இருக்கும். 78 தட்டின் அகன்ற பள்ளத்தில் அது அடிமட்டத்து அழுக்கில்தான் ஓடும். 65 முதல் 75 மைக்ரான் ஊசி போடுங்கள், தட்டின்மேல் ஊசி அழுத்தும் பாரம் 3 முதல் 5 கிராம். ஸ்டீரியோவில் பதிவானதை மோனோவாக்கினால் மேலும் கீழுமான அதிர்வின் சத்தம் பெரும்பாலும் தானே அடங்கும்.

தட்டோடு சுழலவிட்டு, விளக்கொளியில் கோடுகள் நிற்பதுபோல் தெரிகிறதா என்று வேகம் பார்க்கும் கோட்டு அட்டையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அமெரிக்க அட்டையில் 92 கோடுகள். அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு. நமக்கு 50 ஹெர்ட்ஸ், 77 கோட்டு அட்டை வேண்டும். இங்கே அமெரிக்க அட்டையை வைத்தால் கோடுகள் நின்றுவிட்டதாகத் தெரியும், தட்டோ 65 சுற்றில் ஓடும்; சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கி, ரூத் பிரவுன் ஆண்பிள்ளைபோல் பாடுவார். எல்.இ.டி. விளக்கில் கோடுகள் நிற்காமலே போகலாம். சோக் வைத்த பழைய குழல் விளக்கின் கீழ் பாருங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தட்டில் பூஞ்சை பிடிக்கும். ஸ்பிரிட் தொடவே கூடாது, அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, மெல்லிய தூரிகை, லேபிள் நனையாமல். பிறகு நிழலில் உலர்த்தி, செங்குத்தாக அடுக்குங்கள். பாகவதர் தட்டுக்கும் இதே பக்குவம்தான்.

கடைசியாக, கோப்புக்குப் பெயர் வைக்கும் விஷயம். 'பழைய இங்கிலீஷ் பாட்டு 7' என்று வைப்பது அநியாயம். 1928இல் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்த இவர், 1948இல் கார் விபத்தில் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தபோதுதான் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமானார். நிறுவனத்தையே 'ரூத் கட்டிய வீடு' என்றார்கள். ஆனால் ஒலிப்பதிவுச் செலவெல்லாம் பாடகியின் உரிமத்தொகைக் கணக்கிலேயே கழிக்கப்பட்டதால் அவர் பெயரில் கடன்தான் நின்றது. 1961இல் விலகியபின் வீட்டுவேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். விடாமல் கணக்குக் கேட்டதில், 1988இல் நிலுவைத்தொகை கிடைத்தது. அவர்போல் ஏமாந்த கலைஞர்களுக்கு உதவ ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளையும் பிறந்தது. தன் பதிவுகளின் கணக்குக்காகவே போராடியவர் அவர். ஆகவே லேபிளில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்: 'டியர்ட்ராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' என்றால், ரூத் பிரவுன், அட்லாண்டிக் 919, இயற்றியவர் ரூடி டூம்ஸ். லேபிள் கிழிந்திருந்தால், அதை ஒட்டிய வெற்று வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்; அங்கே அச்சு எண் பொறித்திருக்கும்.

இப்படிக்கு,
இசைத்தட்டு சேகரிப்போர் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.