அண்ணன் நினைவாக: பிள்ளைகளின் காற்பந்துச் சாமான்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஞாயிறுதோறும் நம் வட்டாரத் திடலில் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுத்த அண்ணன் காலமானது உங்களுக்குத் தெரியும். வீட்டார் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே போடவில்லை. காலை ஏழு மணிக்குத் திடலில் இருப்பார். பத்து மணிக்கெல்லாம் அண்ணியோடு தேக்கா சந்தையில் மீன் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்த நேரம் தவறியதில்லை. 1994 டிசம்பர் 17 அன்று ஷா ஆலமில் சிங்கப்பூர் 4-0 என்று பகாங்கை வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியதே, அந்த ஆட்டத்துக்கும் குடும்பத்தோடுதான் போய் வந்தார்.

அவர் பெயரில் கிண்ணப் போட்டி நடத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். கேடயம், பதாகை, சாப்பாடு என்று ஒரே நாளில் காசு கரைந்துவிடும். காற்றடிக்கும் ஊசியை நனைக்காமல் பந்தில் சொருக விடாத மனிதர் அவர். காய்ந்த ஊசி வால்வு ரப்பரைக் கிழித்துவிடும், பிறகு எத்தனை முறை அடித்தாலும் காற்று நிற்காது. அவருக்குப் பிடித்திருக்கக்கூடியது, பிள்ளைகள் உதைத்துத் தேய்க்கும் சாமான்கள்தான். மொத்தம் 2,000 சிங்கப்பூர் வெள்ளி தேவை.

இதில் பந்துக்கு மட்டும் 700 வெள்ளி. 8 முதல் 12 வயது வரை நான்காம் எண் அளவுப் பந்து, அதற்குக் கீழே மூன்றாம் எண். ஆக 20 பந்துகள், ஒன்று 35 வெள்ளி. மலிவுப் பந்து இங்குள்ள மழைக்குத் தாங்காது. தையல் வழியே தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், சின்னப் பிள்ளை தலையால் முட்டினால் வலிக்கும். ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் நூலும் இற்றுப்போகும். விறைப்பாகக் காற்றடித்து வெயிலில் போட்டாலும் ஆபத்து. உள்ளே காற்று விரிந்து தையல் விட்டுவிடும். வால்வுக்குப் பக்கத்திலேயே எவ்வளவு அடிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள், ஆனால் யாரும் படிப்பதில்லை.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது கோல் கம்பங்கள். தூக்கி நகர்த்தும் அலுமினியக் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் ஒரு பிள்ளை தொங்கினால் போதும், முன்பக்கமாகக் கவிழும். நான்கு கம்பங்களுக்கும் தரையில் படியும் பின்சட்டத்தின் மேல் நான்கு நான்காக 16 மணல் மூட்டைகள் போட வேண்டும், 240 வெள்ளி. இப்போதிருக்கும் மூட்டைகள் வெயிலில் பொடிந்து மணல் கொட்டுகிறது. வலை நான்குக்கு இன்னொரு 240. அணி பிரிக்கப் போடும் சட்டை 30-க்கு 180 வெள்ளி. பம்பு, ஊசி, கூம்புகள் 90. மீதி 550 வெள்ளியில் முதலுதவிப் பெட்டி, இளையர் இருவருக்கு முதலுதவிப் பயிற்சி.

பழைய பூட்ஸ் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் அதை வளைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் சும்மா கிடந்த பூட்ஸின் அடிகூடக் கையோடு பெயர்ந்து வரும். அப்படிப்பட்டது வேண்டாம்.

நாங்கள் வீடு வீடாக வசூலுக்கு வரமாட்டோம்; அதற்கு உரிமம் வேண்டும், நம்மிடம் இல்லை. யாராவது உண்டியலோடு கதவைத் தட்டினால் அது நாங்களில்லை. பேநவ் (கைபேசியில் பணம் அனுப்பும் முறை) விவரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது, ரொக்கமென்றால் ஞாயிறு காலை திடலில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு ஐபிசி (நன்கொடைக்கு வரிக்கழிவு தர அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்பு) தகுதி இல்லாததால் வரிக்கழிவு கிடைக்காது. தொகை பத்து வெள்ளியானாலும் சரிதான். கணக்கை இருவர் கையெழுத்திட்டு மாதக் கடைசியில் குழுவில் போடுவோம். 2,000-க்கு மேல் வந்தால் அடுத்த ஆண்டுப் பந்துகளுக்கு ஒதுக்குவோம், சாப்பாட்டுக்குத் தொடமாட்டோம்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவினர்