பீரோவில் கிடக்கிற செக்

மாப்ளே,

இவ்வளவு நாளாய்க் கடுதாசி இல்லையே என்று நீ திட்ட ஆரம்பிக்கும் முன் போட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். கருவாடு அடுத்த பஸ்ஸில் வரும். கண்டக்டரிடம் சண்டை போடாமல் வாங்கிக்கொள்.

தங்கச்சிமடத்து மச்சான் நண்டுப் பாக்கிக்கு வாங்கின செக் திரும்பிவந்து பீரோவில் கிடக்கிறது என்று போனில் போகிறபோக்கில் சொன்னாயே, விசாரித்தாயா? “ஏவாரி நல்ல மனுசன், தந்துருவாரு” என்ற பேச்சிலேயே செத்துப்போன வழக்குகள் ஏராளம். செக் திரும்பியதாக பேங்க் தரும் மெமோ கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போயாக வேண்டும். நோட்டீஸ் சேர்ந்தபின் பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டவில்லையா, அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் செக் திரும்பினதற்கான 138-ஆம் பிரிவு வழக்குப் போட வேண்டும். அந்த 30 நாள் போய்விட்டாலும் கதை முடியவில்லை: செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதம் ஆகாதிருந்தால் மறுபடி பேங்கில் போட்டுப் புது மெமோ வாங்கலாம். அதுவும் தாண்டினால் சிவில் தாவாதான். தவணை பேசாத சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 வருஷம் கெடு. கெடு முடிவதற்குள் “இவ்வளவு பாக்கி” என்று ஏவாரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புது 3 வருஷம். வாய்ச்சொல்லுக்கு அந்த மதிப்பு கிடையாது.

தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அது வணிக வழக்கு. அவசர இடைக்கால உத்தரவு கேட்காதபட்சத்தில் முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போயாக வேண்டும். போகாமல் போட்ட தாவாவைத் தள்ளிவிடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சமரசத்தில் கழியும் நாட்கள் கெடுவில் சேராது, பயப்படாதே. வணிக வழக்கில் ஒரு லாபமும் உண்டு: சம்மன் சேர்ந்து 120 நாளுக்குள் எதிருரை போடாத பிரதிவாதிக்கு அப்புறம் வாய்ப்பே இல்லை. வாய்தா ராஜாக்களுக்கு இதுதான் கசப்பு.

உன் மகள் வக்கீல் தொழிலில் வியாபாரம், வேலை, சிவில் உரிமை மூன்று வகை வழக்கையும் எடுப்பேன் என்கிறாளாம், நீ சிரித்தாயாம். மண்டபம் ஊரில் ஒரே நண்டுக் கம்பெனி வாசலில் மூன்றும் நிற்கும்டா! பாக்கி கேட்கிறவர், சதை எடுக்கிற வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பெண், அங்கேயே சாதி சொல்லித் திட்டு வாங்கினவள்.

வேலை வழக்கில் 12 மாதத்தில் 240 நாள் உழைத்தேன் என்று காட்டுவது தொழிலாளி பாடு. பணி நியமனக் கடிதம் எவன் தருகிறான்? பி.எஃப். எண், பேங்கில் விழுந்த சம்பளம், வருகைப் பதிவின் போட்டோ, எது கிடைத்தாலும் முதல் நாளே வாங்கி வைக்கச் சொல். 2025 நவம்பர் 21-இல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தபின் பழைய சட்டப் புத்தகத்துக் கெடுவை நம்பி உட்காரக் கூடாது.

சாதி வசவு வழக்கு பெரும்பாலும் புகார் மனுவிலேயே கெட்டுப்போகிறது. எந்த இடம், என்ன வார்த்தை, யார் யார் காதுபட என்று எழுதியிருக்க வேண்டும்; பொதுப் பார்வையில் நடந்ததாகத் தெரியாவிட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவு நிற்காது. எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை. புலனாய்வை டி.எஸ்.பி. செய்ய வேண்டும், இன்ஸ்பெக்டர் செய்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

மகளிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்: கம்பெனிக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவள் அதே விவகாரத்தில் தொழிலாளிக்கு வக்காலத்துப் போட முடியாது. யார் பக்கம் என்பதை ஃபீஸ் வாங்குமுன் தீர்மானிக்கட்டும்.

மெமோவையும் செக்கின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. மெமோ என்றைக்குக் கைக்கு வந்தது என்று மச்சானிடமே கேள். நீ ஊகித்துச் சொல்லாதே.

உன் பங்காளி