ஒரு நாள் மாற்று ஆள்: சாக்ரமென்டோ பயணத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், அலமேடா, சாண்டா கிளாரா ஆகிய இரு கவுன்டிகளில் (மாவட்டங்களில்), கலிபோர்னியா அரசின் இல்லப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் பெற்றோரையோ பிள்ளைகளையோ வாழ்க்கைத் துணையையோ பராமரித்துவரும் தமிழ்க் குடும்பங்களும், பிறர் வீட்டு முதியவர்களைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் சிலரும் சேர்ந்து அமைத்துள்ள குழுவின் சார்பில் இக்கடிதத்தை எழுதுகிறோம். வரும் மே மாதம் ஆளுநரின் திருத்த பட்ஜெட் வெளியானதும் சட்டமன்றத் துணைக்குழுக்கள் நடத்தும் விசாரணைக்கு, இத்திட்டத்தில் வெட்டு வேண்டாம் என்று சொல்ல, இரண்டு பேருந்துகளில் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ செல்லத் தீர்மானித்திருக்கிறோம். இந்தப் பயணத்துக்கும், அன்று வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆட்களுக்கும், அதனுடன் சேர்ந்த பணிகளுக்கும் 14,600 டாலர் ஆகும். உறுப்பினர்கள் தங்களுக்குள் திரட்டியதில் 3,150 டாலர் கையில் இருக்கிறது. மீதி 11,450 டாலருக்காகவே உங்களை நாடுகிறோம்.

ஐ.எச்.எஸ்.எஸ். என்று நம்மவர்கள் சொல்லும் இத்திட்டத்தைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கவேண்டும். 1970-களில் தொடங்கிய இத்திட்டத்தில் இன்று 8 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் முதியோர் இல்லத்துக்குப் போகாமல் தங்கள் வீட்டிலேயே பராமரிப்புப் பெறுகிறார்கள். அவர்களைப் பராமரிப்போர் 7 லட்சத்துக்கும் அதிகம்; இவர்களில் பெரும்பாலோர் சொந்த உறவினர்களே. குறைந்த வருமானத்தினருக்கான மெடிகால் என்னும் அரசுக் காப்பீடு உள்ளவரின் வீட்டுக்குக் கவுன்டியின் சமூகப் பணியாளர் வந்து, குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது என ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு எழுதிக்கொள்வார். வீட்டைத் துப்புரவு செய்ய மாதத்துக்கு 6 மணி நேரம். வீட்டிலேயே இயந்திரம் இருந்தால் துணி துவைக்க வாரத்துக்கு 1 மணி. மளிகை வாங்கிவர இன்னும் 1 மணி. இவ்வாறு கூட்டிக் கூட்டி வரும் எண் எவ்வளவு பெரிதானாலும் மாதம் 283 மணி நேரத்தைத் தாண்டாது. அந்தக் கணக்குப்படி மாதம் இருமுறை டைம்ஷீட் பதிவு செய்தால் சம்பளம் வரும். செலவில் பாதிக்கும் மேல் ஒன்றிய அரசுடையது. மீதியை மாநிலமும் கவுன்டிகளும் பகிர்ந்துகொள்கின்றன.

எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் தந்தைக்கு மறதிநோய். வயது 81. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, அலுவலகப் பேருந்தைத் தவறவிட்டுவிடுவோம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பிவிடுவார். ஓய்வுபெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மகள் வாசற்கதவின் கைப்பிடியில் பூஜை அறை மணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மணி அசைந்தால் எழுந்துகொள்வார். தடுத்தால் தந்தைக்குக் கோபம் வரும் என்பதால், "பஸ் இன்னும் வரலப்பா, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்லி அடுக்களையில் உட்காரவைப்பார். இருபத்து நான்கு மணி நேரமும் கண்காணிப்புத் தேவை என்று மருத்துவரும் சமூகப் பணியாளரும் ஒப்புக்கொண்டு, உச்சவரம்பான 283 மணி நேரமும் அவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. முப்பது நாளால் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. மிச்சமுள்ள பதினான்கரை மணி நேரம் மகளின் கணக்கு. அதைப் பற்றி அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. முறையிட நேர்ந்தது 2025-இல்தான்.

அந்த ஆண்டு மே மாதம், சுமார் 1,200 கோடி டாலர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஆளுநர் கேவின் நியூசம் வெளியிட்ட திருத்த பட்ஜெட்டில், ஒரு பராமரிப்பாளர் வாரத்துக்கு 50 மணி நேரத்துக்கு மேல் சம்பளம் பெறக்கூடாது என்ற முன்மொழிவு இருந்தது. இதனால் 70 கோடி டாலருக்கும் மேல் மிச்சமாகும் என்றார்கள். 283 மணி நேரம் என்பது வாரத்துக்கு ஏறத்தாழ 65 மணி. நோயாளிக்கு உரிய மணி நேரம் காகிதத்தில் அப்படியே இருக்கும்; மகள் மட்டும் 50 மணியோடு நிறுத்திக்கொண்டு, மீதி 15 மணி நேரத்துக்கு வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து, தமிழில் பேசி, பேருந்து வரவில்லை என்று நம்பவைக்கும் ஆளை வாரத்தில் 15 மணி நேரத்துக்கு மட்டும் எங்கே தேடுவது? ஆள் கிடைக்காத மணி நேரம் பயன்படுத்தப்படாமலே போகும். அவர்கள் கணக்கில் 'சேமிப்பு' என்று காட்டியதில் ஒரு பங்கு இவ்வாறு வீணாகும் நேரமே என்பது எங்கள் கருத்து.

அதே பட்ஜெட்டில் மெடிகால் பெறும் முதியோரின் சொத்து வரம்பை மீண்டும் 2,000 டாலராக்கும் திட்டமும் இருந்தது. குடியிருக்கும் வீடு இதில் சேராது; ஆனால் இறுதிச் சடங்குக்கென்று வங்கியில் சேர்த்துவைக்கும் தொகைகூடப் பல வேளைகளில் 2,000 டாலரைத் தாண்டிவிடும். பராமரிப்பாளர் சங்கங்களும் மாற்றுத்திறனாளிகளும் முதியோர் அமைப்புகளும் மாநிலம் முழுவதும் எதிர்த்தபின், ஜூன் இறுதியில் கையெழுத்தான பட்ஜெட்டில் 50 மணி வரம்பு கைவிடப்பட்டது. சொத்து வரம்பு 2,000-க்குப் பதிலாக 1,30,000 டாலர் என்று முடிவாகி, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆக, முழு வெற்றி என்று சொல்லிக்கொள்ள இயலாது. 2024-இல் அறவே நீக்கப்பட்ட வரம்பு திரும்பி வந்துவிட்டது. ஒருமுறை திரும்பிய வரம்பைக் கீழே இறக்குவது எளிது.

சென்ற முறை தப்பியது இம்முறையும் தப்பும் என்று இருந்துவிட முடியாது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ஒன்றியச் சட்டத்தால் மெடிகெய்டுக்கான (கலிபோர்னியாவில் இதன் பெயரே மெடிகால்) ஒன்றிய அரசின் செலவு பத்தாண்டுகளில் ஏறத்தாழ 90,000 கோடி டாலர் குறையும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் பள்ளம் மாநிலங்களின் தலையில் விழும்போது இல்லப் பராமரிப்பே முதலில் கத்தரிக்கு இரையாவதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1965-இல் இயற்றப்பட்ட மெடிகெய்டு சட்டத்தின்படி முதியோர் இல்லப் பராமரிப்பை ஒவ்வொரு மாநிலமும் கட்டாயம் வழங்கவேண்டும். வீட்டில் தரும் இத்தகைய பராமரிப்போ மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. மாற்றுத்திறனாளிகளைத் தேவையின்றி நிறுவனங்களில் அடைத்துவைப்பது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் ஓம்ஸ்டெட் (Olmstead) வழக்கில் தீர்ப்பளித்த பிறகும், கட்டாயம் எது, விருப்பம் எது என்ற அந்தப் பழைய கோடு அழியவில்லை. செலவு குறைவானதையும் மக்கள் விரும்புவதையும் விருப்பப் பட்டியலில் வைத்திருப்பது விந்தைதான்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. நிதி நெருக்கடியின்போது 2009-இல் தொடங்கி இத்திட்டத்தின் மீது வெட்டுமேல் வெட்டாக விழுந்தது. வழக்குகள் சமரசத்தில் முடிந்து, 2013 ஜூலை முதல் அனைவரது மணி நேரமும் 8 சதவீதம் குறைக்கப்பட்டது; அடுத்த ஆண்டு அந்தக் குறைப்பு 7 சதவீதமாக இருந்தது. 2015 ஜூலையில்தான் அது மீண்டது. படுக்கையில் கிடப்பவருக்கு ஈராண்டு என்பது எவ்வளவு காலம் என்பதை வீட்டில் நோயாளி இருப்பவர்கள் அறிவார்கள். மறுபக்கம், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஒருவரையொருவர் பார்த்தேயிராத 74,000 இல்லப் பராமரிப்பாளர்கள் பத்தாண்டுக்கும் மேலான முயற்சிக்குப் பின் 1999 பிப்ரவரியில் தொழிற்சங்கத்தில் இணைந்ததும் இதே மாநிலத்தில்தான். இன்றைக்கும் சம்பளம் கவுன்டிக்குக் கவுன்டி தனித்தனியாகப் பேசி முடிவாகிறது. தன் பிள்ளையையே பராமரிக்கும் தாய்க்கு அந்தச் சம்பளம் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியக் கணக்கில் சேர்வதில்லை. இவையெல்லாம் நீண்டகாலக் கோரிக்கைகள். இந்த நிதி அவற்றுக்கானது அல்ல.

நிதி எதற்கு என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பேருந்துகள் இரண்டுக்கும் சேர்த்து 4,200 டாலர். அதில் ஒன்று சக்கர நாற்காலியை ஏற்றும் வசதியுள்ளது. 8,800 டாலர் மாற்று ஆட்களுக்கான கூலி: 40 வீடுகள், வீட்டுக்கு 10 மணி நேரம், மணிக்கு 22 டாலர். சாக்ரமென்டோ இங்கிருந்து நூறு மைல். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலை நான்குக்கு முன் திரும்ப முடியாது. துணைக்குழுவின் முன் பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே அதிகம். பெயர், ஊர், எதை எதிர்க்கிறோம் என்று சொல்வதற்குள் மணி அடித்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பத்து மணி நேரம் வீட்டை விட்டு வர, பராமரிப்பவருக்கு வழியில்லை. அன்றைய நேரத்தை டைம்ஷீட்டில் எழுதவும் கூடாது. எழுதினால் அது மோசடி. கடந்த ஆண்டு எங்களில் வந்து பேசியவர்கள் பெரும்பாலும் ஓரளவு நடமாடும் பெற்றோரை வைத்திருந்தவர்கள். பேசவேண்டியவர்கள் வீட்டில் மணிச்சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே இம்முறை பேருந்துக்குக் கொடுப்பதைப் போல இருமடங்குக்கு மேல் மாற்று ஆட்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். இதைப் பற்றிக் குழுவில் விவாதம் நடந்தது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் போதாதா என்று கேட்டவர்களும் உண்டு. கூட்டம் எத்தனை பேர் என்பதைவிட யார் பேசுகிறார்கள் என்பதையே பெரிதாகக் கருதினோம்.

எஞ்சிய 1,600 டாலர், கடிதம் படித்துச் சொல்லும் பணிக்கு. மணி நேரத்தைக் கவுன்டி குறைத்தால் தபாலில் ஓர் அறிவிப்பு வரும். அது தமிழில் வருவதில்லை. பெறப்பட்ட மணி நேரம், புதிய மணி நேரம், வேறுபாடு என்று கட்டங்கட்டமாக எண்கள் இருக்கும். பல பெரியவர்கள் அதை வழக்கமான தாள் என்று எண்ணி மின்கட்டண ரசீதுகளோடு செருகி வைத்துவிடுகிறார்கள். மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. ஆனால் குறைப்பு நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பே விண்ணப்பித்தால்தான் தீர்ப்பு வரும்வரை பழைய மணி நேரம் தொடரும். அந்த இடைவெளி பத்தே நாளாகவும் இருக்கலாம். வாரம் இரு மாலைகளில் தொலைபேசியிலும் ஞாயிறு காலை நேரிலும் இக்கடிதங்களைப் படித்து விளக்கத் தன்னார்வலர்கள் ஆறு பேர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஊதியம் இல்லை. தொலைபேசி, நகல், தபால், தமிழில் ஒரு சிறு கையேடு ஆகியவற்றுக்கே இத்தொகை.

எங்கள் குழு வரிவிலக்குக்குப் பதிவு செய்த அமைப்பன்று. எனவே இந்த நன்கொடையை வருமானவரியில் கழிக்க இயலாது என்பதைக் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வேட்பாளர் எவருக்கும் கட்சி எதற்கும் ஒரு காசும் போகாது. முதியோர் இல்லம் நடத்துவோரிடமும் பராமரிப்பாளர்களை அனுப்பும் முகமைகளிடமும் நன்கொடை பெறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. பயணம் முடிந்த முப்பது நாளுக்குள் வரவுசெலவுக் கணக்கு, மாற்று ஆட்களுக்குக் கொடுத்த கூலி உட்பட, நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். மிஞ்சினால் அது கடிதப் பணிக்குச் சேரும்.

220 டாலர் ஒரு வீட்டுக்கு ஒரு நாள் மாற்று ஆளை அமர்த்தும். 22 டாலர் ஒரு மணி நேரத்தை. பணம் தர இயலாதவர்கள், அதிலும் பெரியவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவமுள்ளவர்கள், அந்த ஒரு நாள் தாங்களே வந்து உட்கார முன்வந்தால் அது எங்களுக்குப் பணத்தைவிடப் பெரிது; முன்னதாகவே ஓரிரு முறை வீட்டுக்கு வந்து நோயாளியுடன் பழகிக்கொள்ளவேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். சக்கர நாற்காலிப் பேருந்துக்கு ஏப்ரல் 30-ஆம் தேதிக்குள் முன்பணம் கட்டியாகவேண்டும்; ஆதலால் அத்தேதிக்கு முன் காசோலையாகவோ, ஞாயிறு காலைக் கூட்டத்தில் பொருளாளரிடம் நேரிலோ கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நிதிக் குழுவினர்